வாட்டம் கிடைக்காத வீட்டில் கழிப்பறை: பள்ளமா, பம்பா, குழியா?

மதுரை கீழ மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அகலம் 11 அடி; நீளமோ 70 அடியைத் தாண்டும். திண்ணை, முன்னறை, பட்டாசாலை, முற்றம், அடுப்படி, கடைசியில் கொல்லை. கழிப்பறை அந்தக் கொல்லையில்தான். பாதாளச் சாக்கடையும் பின்சந்து வழியாகத்தான் ஓடுகிறது. கால் நன்றாக இருந்தவரை யாருக்கும் இது குறையாகத் தோன்றவில்லை. அப்பத்தாவுக்கு 80 வயது தாண்டி மூட்டு பிடித்துக்கொண்டபோதுதான் அந்த 60 அடி எவ்வளவு தூரம் என்று புரிந்தது. ஒரு ஐப்பசி ராத்திரி, நனைந்த முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. பயம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உடனே ஒரு கம்மோடு நாற்காலி வாங்கிப் போட்டோம். மூன்று மாதம் அதுதான் ஓடியது. அடியில் இருக்கும் வாளியை யாராவது எடுத்துப் போய்க் கொட்ட வேண்டுமே என்ற கூச்சத்தில், சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே அப்பத்தா நிறுத்திவிட்டார். அம்மாதான் அதைக் கவனித்துச் சொன்னார்கள். முன்னறையை ஒட்டிக் கழிப்பறை கட்டியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவானது.

கொத்தனார் வந்து டியூப் மட்டம் பிடித்துப் பார்த்தார். "இடம் இருக்கு தம்பி. வாட்டம்தான் இல்ல" என்றார், குழாயில் கழிவு தானாக ஓடுவதற்கான சரிவைச் சொல்லி.

மதுரையின் பழைய வீதிகளில் வீடு வைத்திருப்பவர்கள் பலருக்கும் இந்த வாக்கியம் பழக்கமாக இருக்கும். கோயிலைச் சுற்றி ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாக விரியும் ஊரில், மனைகள் தெருவுக்குக் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் கிடக்கின்றன. கழிப்பறை வேண்டிய இடம் ஒரு கோடி, சாக்கடை இருக்கும் இடம் மறு கோடி. இதற்கு மூன்று வழிகள் உண்டு. தரையைத் தோண்டி நாலு இஞ்ச் குழாயை வாட்டத்தோடு கொண்டுபோவது ஒன்று. கழிப்பறைப் பேசினுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, கழிவை அரைத்து மெல்லிய குழாயில் தள்ளுவது இன்னொன்று. மெசரேட்டர் பம்பு என்பது அதுதான். மூன்றாவது, தரைக்கடியில் தொட்டி வைத்து, அதற்குள் கழிவை வெட்டித் தள்ளும் கட்டர் பம்பு இறக்கி மேலேற்றுவது. மூன்றும் இப்போது எங்கள் சொந்தபந்தத்தில் மூன்று வீடுகளில் ஓடுகின்றன. மூன்றையும் கிட்டே இருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

முதலில் வாட்டக் கணக்கு

நாலு இஞ்ச் குழாய்க்கு, அதாவது 110 மி.மீ. பி.வி.சி. குழாய்க்கு, 40 அடிக்கு 1 அடி இறக்கம் என்பது நல்ல வாட்டம். நெருக்கடி என்றால் 60 அடிக்கு 1 அடி வரை போகலாம். அதற்கும் குறைந்தால் தண்ணீர் ஓடிவிடும், மலம் குழாயிலேயே தங்கும்.

எங்கள் வீட்டில் முன்னறையிலிருந்து கொல்லைச் சேம்பர், அதாவது குழாய்கள் வந்து சேரும் சாக்கடைத் தொட்டி, வரை 60 அடி. சேம்பருக்குள் குழாய் நுழைய முடிகிற ஆழம் தரையிலிருந்து 18 அங்குலம். 60-க்கு 1 வாட்டத்திலேயே வழிக்கு 12 அங்குலம் போய்விடும். வழக்கமான எஸ்-ட்ராப் பேசின் என்றால், தரைக்குக் கீழே இறங்கி வளைந்து திரும்ப 9 அங்குலம் வேண்டும். ஆக 21. மூன்றே மூன்று அங்குலம் பற்றவில்லை.

"தரைய அரை அடி ஏத்தி ஒரு படி வச்சிருவோம்" என்றார் கொத்தனார். படி ஏற முடியாதவருக்காகக் கட்டும் கழிப்பறைக்குப் படி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் பம்புகளைத் தேட ஆரம்பித்தேன். தேடுவதற்கு வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. சிம்மக்கல்லில் அத்தை வீட்டு மாடியிலேயே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அரைத்துத் தள்ளும் பெட்டி

இந்தப் பெட்டி புதுச் சரக்கு இல்லை. பிரான்சின் எஸ்.எஃப்.ஏ. நிறுவனம் 1958-லேயே இதைக் கொண்டுவந்தது. சானிஃப்ளோ என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கிறது. இப்போது வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. அத்தை வீட்டில் இருப்பது அப்படி வேறொரு நிறுவனத்துடையது.

வேலை செய்யும் விதம் எளிது. ஃப்ளஷ் செய்ததும் தண்ணீரும் கழிவும் பெட்டிக்குள் வருகின்றன. உள்ளே மட்டம் ஏறியதும் அந்த அழுத்தத்தில் ஒரு சுவிட்ச் விழும். மோட்டார் சுற்றி, கத்தி கழிவைக் கூழாக்கி, ஒன்றேகால் இஞ்ச் குழாயிலோ அதைவிட மெல்லியதிலோ தள்ளிவிடும். திரும்பி வராமல் இருக்க வாயிலேயே ஒரு என்.ஆர்.வி. வால்வு இருக்கும். வீட்டு உபயோகத்துக்கான மாடல்கள் 4, 5 மீட்டர் உயரம் வரை ஏற்றும்; படுக்கையாக 100 மீட்டர் வரை தள்ளுபவையும் உண்டு. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் படுக்கைத் தூரத்தில் ஏறக்குறைய 10 மீட்டரைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அத்தை வீட்டு மாடி பழைய மச்சு. தேக்கு உத்திரம், மேலே செங்கல், சுண்ணாம்பு. அதில் நாலு இஞ்ச் குழாய்க்கு ஓட்டை போட்டால் உத்திரத்துக்கே ஆபத்து. மகனுக்குக் கல்யாணமாகி மேலறையை ஒதுக்கியபோது வேறு வழியில்லை. இரண்டே நாளில் வேலை முடிந்தது. குழாய் சுவரோரமாகப் போய்க் கொல்லைச் சேம்பரில் சேர்கிறது. தளத்தில் கை வைக்கவே இல்லை. இந்த ஒரு வசதிக்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது.

மின்சாரச் செலவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. 400 வாட்ஸ் மோட்டார், ஒரு தடவைக்கு 15 வினாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 20 தடவை என்றாலும் மாதம் ஒரு யூனிட்தான் வரும்.

யோசிக்க வேண்டியது மின்தடையை. பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது என்று அறிவிக்கும் நாள் நம் ஊரில் எல்லாப் பகுதிக்கும் வருகிறது. கரண்ட் இல்லாவிட்டால் இந்தப் பெட்டி வெறும் பெட்டிதான். சில லிட்டர் பிடிக்கும். அடுத்த ஃப்ளஷ்ஷில் பேசினுக்குள்ளேயே ஏறி நிற்கும். அத்தை வீட்டில் கீழே இன்னொரு கழிப்பறை இருப்பதால் அன்றைக்கு எல்லோரும் இறங்கி வந்துவிடுகிறார்கள். இறங்கி வர முடியாதவருக்காகக் கட்டுகிறோம் என்றால் இன்வெர்ட்டர் கட்டாயம். சைன் வேவ் வகை வேண்டும். மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்து வாங்க வேண்டும்.

நம் வீட்டுப் பழக்கங்களுக்கும் இந்தப் பெட்டிக்கும் சில இடங்களில் ஒத்துப்போகாது. மேல்நாட்டில் குளியலறைத் தரை காய்ந்து கிடக்கும். நாம் வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறவர்கள்; தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறவர்கள். பெட்டியின் அட்டையில் ஐ.பி. என்று ஓர் எண் இருக்கும். 44 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், முழுகினால் தாங்காது. 68 என்றால் முழுகினாலும் தாங்கும். சுவருக்குப் பின்னால் பெட்டியை வைத்து, நடுவில் நீட்டிப்புக் குழாய் போடும் வழியும் உண்டு. நம் வீடுகளுக்கு அதுதான் நல்லது. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்ட இணைப்பு இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது.

குளிக்கும் தண்ணீர் இன்னொரு சிக்கல். பெட்டி தரைமேல் உட்கார்ந்திருக்கிறது. குளியல் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்போ தரைக்குக் கீழே. அந்தத் தண்ணீர் மேலேறிப் பெட்டிக்குள் போகாது. குளிக்கும் இடத்தை மேடை போல உயர்த்த வேண்டும், இல்லையென்றால் குளியல் தண்ணீருக்கு இரண்டு இஞ்ச் குழாயில் தனி வழி பார்க்க வேண்டும். இந்தியன் பேசினும் ஆகாது. பின்பக்கமாக வாய் வைத்த பி-ட்ராப் வெஸ்டர்ன் பேசின்தான் இதற்குப் பொருந்தும்.

அப்புறம் ஆசிட். போர் தண்ணீரின் உப்புக்கறை போக ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். பெட்டிக்குள் ரப்பர் சவ்வும் சீல்களும் இருக்கின்றன. அவற்றுக்கு அது விஷம். ஊற்றாமலும் விட முடியாது, உப்பு படிந்தால் சுவிட்ச் இறுகிவிடும். தயாரிப்பாளர் சொல்லும் கறைநீக்கியை மட்டும் சொன்ன கால இடைவெளியில் பயன்படுத்த வேண்டும்.

அத்தை வீட்டுப் பெட்டி இரண்டாம் வருடம் ஒருநாள் உறுமிக்கொண்டே நின்றுவிட்டது. காது குடையும் பஞ்சுக்குச்சி கத்தியில் சிக்கியிருந்தது. திறந்து எடுக்க அரைமணி நேர வேலைதான். திறக்கத் தெரிந்த ஆள் வர 6 நாள் ஆனது. நாப்கின், தலைமுடி, ஈரத்துடைப்பான், பஞ்சு எதுவும் போகக் கூடாது என்பதை வீட்டில் குழந்தை முதல் விருந்தாளி வரை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பெட்டியே பல பத்தாயிரம் ரூபாய். வாங்கும் முன் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், மதுரையில் இதைப் பிரித்து மாட்டுபவர் யார், உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் கோயம்புத்தூர், சென்னை என்று இழுத்தால் அந்த 6 நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்துகிறவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. குழாய் மேலேற வேண்டுமானால் பெட்டியை விட்டு வந்தவுடனேயே செங்குத்தாக ஏறிவிட வேண்டும்; அப்புறம் லேசான இறக்கத்தோடு படுக்கையாகப் போகட்டும். முதலில் படுக்கையாகப் போய்ப் பிறகு ஏறினால், மோட்டார் நின்றதும் கூழ் அந்தப் படுக்கையில் தங்கிக் காய்ந்து அடைக்கும். திருப்பங்களில் 90 டிகிரி எல்போ கூடாது. 45 டிகிரி பெண்டு இரண்டைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அத்தை வீட்டில் முதலில் எல்போ போட்டு, பிறகு எல்லாவற்றையும் கழற்றி மாற்றினார்கள்.

தொட்டியும் கட்டர் பம்பும்

சித்தப்பா வீடு செல்லூரில். ரோட்டுமேல் ரோடு போட்டுப் போட்டு வீடு இரண்டடி பள்ளத்தில் போய்விட்டது. மழை பெய்தால் மேன்ஹோல் நிரம்பி, சாக்கடை வீட்டுக் கழிப்பறை வழியாகவே உள்ளே வரும். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கி அந்தப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. அங்கே வாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைத் தரைக்குள் புதைத்து, 1 ஹெச்.பி. கட்டர் பம்பை இறக்கினார். மிதவை சுவிட்ச் ஏறினால் பம்பு ஓடும். குழாய் ரோட்டு மட்டத்துக்கு மேலே ஒரு வளைவு ஏறித்தான் சேம்பருக்கு இறங்குகிறது, நடுவில் என்.ஆர்.வி.யும் கேட் வால்வும். ரோட்டுச் சாக்கடை நிரம்பினாலும் அந்த வளைவைத் தாண்டி உள்ளே வராது. இந்தியன் பேசினும் இதில் சேரும், குளியல் தண்ணீரும் சேரும், முடி விழுந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கும்.

மின்தடைக்கு இது தரும் தைரியம் மெசரேட்டரில் கிடையாது. வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு 6 லிட்டர் என்று பார்த்தால் கழிப்பறைத் தண்ணீர் நாளைக்கு 150 லிட்டர். குளியல் தண்ணீரைச் சேர்க்காமல் விட்டால் 500 லிட்டர் தொட்டி மூன்று நாள் தாங்கும்.

ஆனால் தோண்ட இடம் வேண்டும். மூடி காற்றுப் புகாமல் இறுக வேண்டும். வாயு வெளியேறும் வெண்ட் பைப் மொட்டை மாடிக்கு மேலே போக வேண்டும். பம்பு கெட்டால் எப்படி வெளியே எடுப்பது என்பதைத் தொட்டியைப் புதைக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பம்பு ஏறி இறங்க வழிகாட்டும் நெறிகம்பியும், தூக்கச் சங்கிலியும் வைத்து, மேலே நின்றபடியே பம்பைத் தூக்குவது போல அமையுங்கள். எவ்வளவு சின்னத் தொட்டியாக இருந்தாலும் எந்த மனிதரையும் அதற்குள் இறக்கக் கூடாது. உள்ளே தங்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு எவ்வளவு என்று பேச வேண்டியிருப்பதே கொடுமை. சித்தப்பாவிடம் முதலில் வந்த ஆள், "அடைச்சா நான் இறங்கி எடுத்துத் தரேண்ணே" என்றார். சித்தப்பா அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, அப்படி ஒருபோதும் செய்யாதே என்று சொல்லி அனுப்பினார். நெறிகம்பி வைத்தது அதற்குப் பிறகுதான்.

ஊருக்கு வெளியே பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் கதை வேறு. கழிவு போய்ச் சேரும் இடமே உங்கள் மனைக்குள் இருப்பதால், கழிப்பறைக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க்கோ இரட்டைக் குழியோ வைத்துவிடலாம், பம்பே வேண்டாம். மேலூர்ப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் குழித் தண்ணீர் மண்ணில் இறங்காமல் நிற்கும். அந்த இரண்டு மண்ணிலும் தண்ணீர் கசியாத செப்டிக் டேங்க்தான் சரி.

எங்கள் வீட்டுக்கு வந்த முடிவு

மூன்றையும் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியானது. வாட்டத்தில் ஓடுவதற்குக் கரண்ட் வேண்டாம், கத்தி வேண்டாம், ஆறு நாள் கழித்து வரும் ஆளும் வேண்டாம். அது முடியவே முடியாது என்று தெரிந்த பிறகுதான் பம்பு. அப்படியும் வீட்டின் ஒரே கழிப்பறையை மெசரேட்டரில் விடக் கூடாது. இரண்டாவது கழிப்பறைக்கு, மாடியறைக்கு, தோண்டுவதற்கு அனுமதி கிடைக்காத வாடகை இடத்துக்கு அது நல்ல தீர்வு. வீடு ரோட்டைவிடப் பள்ளம், சாக்கடை எதிர்த்து வருகிறது என்றால் தொட்டியும் கட்டர் பம்பும்தான்.

எங்கள் வீட்டுக்கு முடியாது என்று சொல்லப்பட்டது மூன்று அங்குலத்துக்காக. அத்தை வீட்டில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பி-ட்ராப் பேசின் கண்ணில் பட்டது. அதன் வாய் தரைக்கு மேலே 7 அங்குலத்தில், பின்பக்கமாக இருக்கிறது. அதைச் சுவருக்கு வெளியே எடுத்து இறக்கினால், தரைக்குக் கீழே வளைவுக்காக 9 அங்குலம் செலவழிக்க வேண்டியதில்லையே. பிளம்பர் அண்ணனிடம் கேட்டேன். சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். தரைக்குக் கீழே 6 அங்குலத்தில் ஆரம்பித்து, 60 அடியில் 12 அங்குலம் இறங்கி, 18 அங்குலத்தில் சேம்பர். அளந்து வைத்தாற்போல் பொருந்தியது. "பம்பு வாங்கக் கெளம்பிப் போயி பேசினோட வந்திருக்கீங்க" என்று சிரித்தார்.

இழந்ததும் உண்டு. தாத்தா காலத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரை நீளவாக்கில் உடைந்தது. என்ன செய்தும் அந்த நிறம் திரும்ப வரவில்லை. சுண்ணாம்புச் சுவர், அதுவும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்பதால் அதை ஒட்டித் தோண்டாமல் நடுவில் தோண்டினோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, குழாயைப் பதித்து, உடனே மூடிக்கொண்டே போனதால் 9 நாள் ஆனது. 60-க்கு 1 என்பது கடைசி எல்லை என்பதால் ஒவ்வொரு குழாய்த் துண்டுக்கும் ரசமட்டம் வைத்துத்தான் அண்ணன் மண் தள்ளினார். அடைத்தால் கம்பி விட்டுக் குத்த, பட்டாசாலையில் ஒன்று, முற்றத்தில் ஒன்று என மூடியோடு வாய் வைத்திருக்கிறோம். பேசினுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, வாசல் 3 அடி அகலம், கதவு வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. அதை அப்பத்தாவே சொல்லித்தான் நாங்கள் யோசித்தோம்.

பள்ளத்தை மூடுவதற்கு முன்னால், டேப்பை நீட்டி வைத்து ஐந்தடிக்கு ஒரு படம் எடுத்தோம். குழாய் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று எல்லாப் படத்திலும் தெரியும். அச்சுப் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையிலேயே வைத்திருக்கிறேன்.